எலியைத் தொடாத பாம்பு

"அக்கா, ரெண்டு மாசமா எலியைத் தொடவே மாட்டேங்குது!" செங்கல்பட்டிலிருந்து சித்தி பையன் போனில் அழாத குறை.

அவன் வளர்ப்பது ஆப்பிரிக்க பால் பைத்தான். (நம்மூர் சாரையை வீட்டில் வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இதை முறையாக பரிவேஷ் தளத்தில் பதிந்திருக்கிறான்.)

"பால் ஊத்துடா" என்றார் சித்தி. பாம்புக்குப் பால் செரிக்காது சித்தி!

மறுநாள் வேலையாக மாமல்லபுரம் பக்கம் போனபோது, வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்துக்குள் நுழைந்தேன். 1978-ல் தொடங்கியது. விஷம் எடுக்கப் பிடித்த பாம்புகளை, வாயில் துணி கட்டிய மண்பானைகளில்தான் வைக்கிறார்கள். நான்கு முறை விஷம் எடுத்ததும் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த இருட்டுப் பானைகளைப் பார்த்ததும் தம்பி வீட்டுக் கண்ணாடித் தொட்டி நினைவுக்கு வந்தது. ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், 22 டிகிரி ஏ.சி.யில்! பயந்தாலோ குளிர்ந்தாலோ பால் பைத்தான் சாப்பிடாது. தோல் உரிக்கும் முன்பும் அப்படித்தான்.

தொட்டியை உள் அறைக்கு மாற்றச் சொன்னேன். ஒளிய ஒரு சட்டி, ஒரு பக்கம் மட்டும் 32 டிகிரி சூடு, ஒரு வாரம் யாரும் தொடக் கூடாது. எடை மளமளவென்று குறைந்தால் உடனே கால்நடை மருத்துவர்.

எட்டாம் நாள் இரவு, வெந்நீரில் கதகதப்பாக்கிய எலியை இடுக்கியில் ஆட்டினான். லபக்!

"மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்ல" என்கிறார் சித்தி.