கால் அங்குலம்

உடுப்புத் தைக்கிறவர்கள் தையலுக்குள்ளே துணி விட்டுத்தான் தைப்பார்கள். எங்கள் உம்மா பெருநாளுக்குச் சட்டை தைத்தால் பக்கங்களில் ஒரு அங்குலம், கீழ் மடிப்பில் மூன்று அங்குலம் உள்ளே கிடக்கும். பிள்ளை வளரும், அடுத்த பெருநாளைக்குப் பிரித்து விடலாம் என்பது கணக்கு. அந்தத் தாராளத்தைப் பார்த்து வளர்ந்த கைக்கு, சதுரஞ் சதுரமாக வெட்டிய துணிகளைப் பொருத்தி, வெள்ளைக்காரர் குயில்ட் என்று சொல்லும் துண்டுப் போர்வையைத் தைப்பது சிரமமான பாடம். அதிலே தையலுக்குப் போவது கால் அங்குலம் மட்டுந்தான். போர்வை வளராது. உள்ளே போன துணி போனதுதான்.

உம்மா மௌத்தான பின்னர் அவரது உடுப்புகளில் பெரும்பகுதியை ஸதகாவாகக் கொடுத்தோம். மருதமுனைக் கைத்தறிச் சேலைகள் நான்கு மிஞ்சின. மௌத்தானவரின் உடுப்பும் வாரிசுகளின் சொத்துத்தான் என்பதால் காக்காவிடம் கேட்டோம். “நீங்க ரெண்டு பேரும் எடுங்க” என்றார். சேலைகள் பல இடங்களில் நைந்திருந்தன. நல்ல பாகத்தை மட்டும் எடுத்தால் இரண்டு போர்வைகளுக்குக் கணக்காக வரும். ஒரு சதுரம் பழுதானாலும் கடையிலே போய் வாங்கிவிட முடியாது. ராத்தாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டிலும் அவர் தைத்த வரிசையும் நான் தைத்த வரிசையும் மாறி மாறி வர வேண்டும் என்று ராத்தா சொன்னார். அவர் இருப்பது கண்டியில், நான் கல்முனையில். இரண்டு வீடு, இரண்டு மெசின்.

சதுரங்களை நாலரை அங்குலத்துக்கு வெட்டினோம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நான்கு அங்குலம் வெளியே தெரியும். பதினாறு சதுரம் ஒரு வரிசை. இரு ஓரத்திலும் இன்னும் தைக்காத கால் அங்குலங்களையும் சேர்த்தால் வரிசை 64½ அங்குலம் இருக்க வேண்டும். இனி, பழைய ஆட்கள் வீசம் என்பார்களே, பதினாறில் ஒரு பங்கு, அந்தளவு மட்டும் தையல் உள்ளே தள்ளிப் போகட்டும். இரு பக்கத் துணியிலும் போவதால் ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் குறைகிறது. பதினாறு சதுரத்துக்குப் பதினைந்து தையல். 64½ என்பது 62⅝ ஆகிவிடும், ஏறக்குறைய இரண்டு அங்குலம் காணாமற் போய்விடும். ஒருவரே எல்லாவற்றையும் அப்படித் தைத்தால் போர்வை சற்றுச் சிறுக்கும், அவ்வளவுதான். இரண்டு பேர் தைத்த வரிசைகளைச் சேர்க்கும்போதுதான் ஒன்று இழுபடும், மற்றது சுருங்கும், மூலைகள் சந்திக்கா.

பாதத்தின் ஓரத்தைத் துணியின் ஓரத்தோடு ஓட்டினால் கால் அங்குலம் வரும் என்று பலர் சொல்வார்கள். எல்லா மெசினிலும் வராது. உம்மாவின் கால்மிதி மெசின் என்னிடம் இருக்கிறது; அதன் பாதம் ஒடுங்கியது. ராத்தாவின் புது மெசினுக்கு அகன்ற பாதம். ஆகவே கத்தரிக்கோலைத் தொடுமுன்னர் ஒரு பரீட்சை வைத்தோம். பழைய துணியில் ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, மூன்றையும் பக்கம் பக்கமாகத் தைத்து, ஸ்திரிக்கை வைத்து, நடுப் பட்டியை அளப்பது. சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும்.

“இதென்ன புள்ள, நகைக்கடைத் தராசா?” என்று ராத்தா போனில் சிரித்தார். ஆனாலும் தைத்து அளந்தார். அவருடையது ஒரு அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு. என்னுடையது ஒரு நூல் குறைவு. ஊசியிலிருந்து கால் அங்குலத்தை நான் அடிமட்டம் வைத்துத்தான் குறித்திருந்தேன், பிறகேன் குறைந்தது? கைத்தறித் துணி தடிப்பு. தையலில் மடிந்து திரும்பும் இடத்திலேயே அது ஒரு நூலைத் தின்றுவிடுகிறது. எனவே தைக்க வேண்டியது கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைய. அடிமட்டத்தை நம்புவதை விட அந்த நடுப் பட்டியை நம்புவது மேல்.

பழைய கலியாணக் காட் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நேராக வெட்டி, ஊசிக்கு வலப்புறமாக மெசின் தட்டிலே பிளாஸ்டரால் பதித்தேன். துணியை நகர்த்தும் பற்களை மூடாமல், ஊசிக்கு முன்னாலிருந்தே தொடங்க வேண்டும். ஊசிக்கு வந்த பிறகு துணியைத் திருத்தினால் கோடு வளையும். கண் ஊசியைப் பார்க்கக் கூடாது, காட்டின் ஓரத்தையே பார்க்க வேண்டும். இதுதான் எனக்குக் கடினம். நாற்பது வருடமாக ஊசியைப் பார்த்தே பழகியவள்.

கைத்தறியில் இன்னொரு தொல்லை, நூல் பிரிவது. கால் அங்குலம் போதுமா என்ற பயம் நியாயமானதே. வெட்டுமுன் கஞ்சி போட்டுக் காய வைத்து, தையலை அங்குலத்துக்குப் பன்னிரண்டாகச் சிறிதாக்கினால் நிற்கிறது. ஸ்திரிக்கையைத் துணிமேல் தள்ளக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். தள்ளினால் அளவெல்லாம் சாய்ந்துவிடும்.

இவ்வளவு கணக்கும் தேவையா என்று கேட்கலாம். அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் மிசூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண் 1942இல், கணவர் இறந்த துக்கத்தில் அவரது வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை நூதனசாலையிலும் பின்னர் நியூயோர்க்கின் விட்னியிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றின் கோடுகள் வளையும், பட்டிகள் சாயும். அதுவே அவற்றின் அழகு. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் கோணலானாலும் ஒரே கையின் கோணல் தன்னோடு தான் பொருந்திக்கொள்ளும். எங்களுடையது இரண்டு கை.

ராத்தா தன் மெசினிலும் காட் ஒட்டி, மூன்றாம் பரீட்சையில் சரியாக ஒரு அங்குலம் எடுத்தார். அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் சூரத்துல் முதஃப்பிஃபீனைச் சொல்லி, “நீ தையலுக்குக் கூட எடுத்தா எனக்குத்தானே குறையும், கவனம்” என்றார்.

முதல் போர்வைக்குரிய அவரது ஒன்பது வரிசைகளும் கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டன. ஏழு சரியாக 64½. மற்ற இரண்டும் ஒரு நூல் கூட. ஊசி குத்தி நிரவிக்கொள்ளலாம். என்னுடைய வரிசைகளின் தையல் மடிப்புகளை இடப்பக்கம் சாய்த்திருக்கிறேன், அவர் வலப்பக்கம் சாய்த்திருக்கிறார். வைத்தால் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொள்கிறது.

இன்னும் தைக்காமல் வைத்திருப்பது ஒரு சதுரம். ஊதாச் சேலையில் உம்மா இழையோட்டி அடைத்த கிழிசல் அதன் நடுவில் வருகிறது. அது எந்தப் போர்வைக்கு என்று ராத்தாவும் நானும் இன்னும் பேசவில்லை.