கண்டியில் ஒரு நாள்

விடுமுறைக்கு எங்கே செல்வது என்று பிள்ளைகள் கேட்டபோது, நாம் தயங்காது கண்டியைக் கூறினோம். கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட புகையிரதம் கடுகண்ணாவை மலையில் வளைந்து வளைந்து ஏறியது. ஒருபுறம் பாறைச் சுவர். மறுபுறம் கிடுகிடு பள்ளம். இளையவன் நம் கையை இறுகப் பற்றிக்கொண்டான்.

நகரின் நடுவே கண்ணாடிபோற் கிடக்கிறது வாவி. வயல் நிலத்தை மறித்து 1807-இல் இதனை அமைப்பித்தவன், நாயக்கர் மரபின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். 1815-இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட அவன், பின்னர் வேலூருக்கு அனுப்பப்பெற்று 1832-இல் அங்கேயே மறைந்தான்.

வாவிக் கரையில் புத்தர்பிரானின் தந்ததாதுவைக் காக்கும் தலதா மாளிகை. அருகிலேயே பத்தினி தேவாலயம். பத்தினித் தெய்வம் நம் கண்ணகியே என்றறிந்ததும், பள்ளியில் சிலப்பதிகாரம் பயிலும் மூத்தவள் வியந்து நின்றாள்.

நண்பகலில் பேராதனைப் பூந்தோட்டத்தை அடைந்தோம். 1821-இல் தோன்றிய இத்தோட்டம், மகாவலி கங்கை வளைந்தணைக்க, 147 ஏக்கரில் விரிந்துள்ளது. இரட்டைத் தேங்காய் மரமும் ஓங்கிய பனையினச் சாலையும் பிள்ளைகளை மகிழ்வித்தன.

மாலையில், அந்தனை மலையில் பழைய தொழிற்சாலை ஒன்றில் அமைந்த தேயிலை நூதனசாலைக்குச் சென்றோம். கண்டிக்கு இருப்புப்பாதை வந்த 1867-ஆம் ஆண்டிலேயே, லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று விளக்கினோம்.

"அவர் ஒருவரே தனியாகவா நட்டார்?" என்றான் இளையவன்.

நாம் ஒருகணம் வாயடைத்து நின்றோம். தமிழகக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களைப் பற்றிக் கூறினோம். முதலிற் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் உழைத்தவர்கள் அவர்கள். நோயால் வழியிலேயே மாண்டோர் பலர். எஞ்சியோரின் சந்ததியாருட் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராயினர். 2003-இலேயே இறுதியாக எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கச் சட்டம் பிறந்தது.

பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், சரிவிலே கொழுந்துக்கூடை சுமந்து சென்ற மூதாட்டி ஒருவரைக் கண்டதும், இளையவன் தானாகவே கைகூப்பினான். அவர் நின்று, "எந்த ஊர் ராசா?" என்று சிரித்தார்.

கண்டிக்குச் செல்லும் அன்பர்களே! மலையின் அழகைக் கண்குளிரக் காணுங்கள். அதனைப் பசுமையாக்கிய கரங்களையும் உங்கள் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.