கோட்டுக்கு 250 மீட்டர் முன்பு

லியோன்,
4 ஜூலை 2024

அன்புள்ள நண்பா,

நேற்று ஒரு சைக்கிள் பந்தயத்தின் முடிவைக் காண்பதற்காக இந்த லியோன் நகரத்திலிருந்து இருபது மைலுக்கு மேல் பிரயாணம் செய்து, பாதைகளை அடைத்துவிட்டபடியால் கடைசிப் பகுதியைக் கால்நடையாகவே கடந்து, அந்த முடிவை மட்டும் பார்க்காமல் திரும்பி வந்தேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். உங்கள் ஊர் ஆனித் தேரோட்டத்துக்குப் போய், வடத்தையும் வடம் பிடித்தவர்களின் வேர்வையையும் ஆசைதீரப் பார்த்துவிட்டு, தேரில் இருந்த நெல்லையப்பரைத் தரிசிக்காமலே வீடு வந்து சேர்ந்தவன் கதைதான் என் கதை. ஆனாலும் எனக்கு வருத்தமில்லை.

பந்தயத்தின் பெயர் டூர் டி பிரான்ஸ். ஒரு பத்திரிகையின் விற்பனையைப் பெருக்குவதற்காக 1903-ஆம் வருஷம் தொடங்கப்பட்டது. இந்த வருஷம் அணிக்கு எட்டுப் பேராக 22 அணிகள், 176 பேர், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் புறப்பட்டு 21 நாள் ஓட்டங்களாக ஓடி, பாரிஸில் ஒலிம்பிக் நடக்கவிருப்பதால் நீஸ் நகரத்தில் முடிக்கப் போகிறார்கள். நேற்றைய ஐந்தாம் நாள் ஓட்டம் ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்தில் சேன் ஜான் த மோரியன் என்ற ஊரில் புறப்பட்டு, 177 கிலோமீட்டர் வந்து, ரோன் நதிக்கரைச் சமவெளியில் சேன் வுல்பா என்ற சிற்றூரில் முடிந்தது. அணுமின் நிலையத்தின் பிரம்மாண்டமான குளிர்விப்புக் கோபுரங்களைத் தவிர அவ்வூரில் யாத்ரிகனுக்கு விசேஷமாக ஒன்றுமில்லை. ஆனால் தரை தட்டை. ஆகவே, மலையேறும்போது மூச்சிரைத்துக் கடைசியில் வந்தாலும், சமதளத்தின் இறுதி 200 மீட்டரில் அம்பைப்போலப் பாயத் தெரிந்த ஸ்பிரிண்டர்கள் என்ற ஒரு தனி ஜாதிக்கு அது உரிய ஸ்தலம்.

முடிவுக் கோட்டுக்கு அருகில் இடமெல்லாம் காலையிலேயே போய்விட்டது. ‘250 மீட்டர்’ என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில், இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு ஓரிடம் கிடைத்தது. பக்கத்தில் மடக்கு நாற்காலியோடு வந்திருந்த ஒரு பெரியவர். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்குப் பிரெஞ்சில் வந்தனம் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். ஆயினும், நல்ல இடம் கிடைக்கவில்லையே என்று நான் கோட்டுப் பக்கம் ஏக்கத்தோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த அவர், என் தோளைத் தட்டி, தம் வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டி, கட்டைவிரல் முன்னே வர அதை மெல்ல நகர்த்தினார். பிறகு கன்னத்தை உப்பிக்கொண்டு அதன்மேல் ஊதினார், கட்டைவிரல் மடங்கியது. மறுபடி ஊதினார், ஆள்காட்டி விரல் மடங்கியது. இப்படியே நடுவிரலும் மோதிர விரலும் மடங்க, எஞ்சிய சுண்டுவிரல் விருட்டென்று முன்னால் பாய்ந்து என் மார்பைத் தொட்டது. பின்பு மடங்கிக் கிடந்த மோதிர விரலைக் காட்டி, நாங்கள் நின்ற தரையைக் காட்டினார்: இவன் மடங்குகிற இடம் இதுதான்.

நான்கு விரல்களும் ஒருவர்பின் ஒருவராக முன்னே நின்று காற்றை வாங்கிவிட்டு ஒதுங்கும் அணித்தோழர்கள்; சுண்டுவிரல் அவர்கள் பின்னாலிருந்து பாயும் ஸ்பிரிண்டர். இந்த வித்தையின் சாரம் முழுவதும் அந்த ஊதலில் இருக்கிறது. வேகமாகச் செல்லும் சைக்கிள்காரனுக்கு முதல் சத்துரு காற்று. ஒருவன் முதுகுக்குப் பின்னால் அரை முழ இடைவெளியில் ஒட்டிக்கொண்டு போகிறவனுக்கு உத்தேசமாக மூன்றில் ஒரு பங்கு பிரயாசை மிச்சம். திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளத்துக்கு ஆடி மாதத்து எதிர்காற்றில் நாம் போனோமே, நினைவிருக்கிறதா? செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்த அந்தக் காற்று கண்ணில் மண்ணை வாரி இறைக்க, நீ வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னே மிதித்தாய். நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்து, டீக்கடை கண்ணில் பட்டதும் உன்னைத் தாண்டிச் சென்று முதலில் இறங்கினேன். இங்கே அந்த அயோக்கியத்தனத்தைச் சாஸ்திரமாக வகுத்து, சம்பளமும் கொடுக்கிறார்கள்.

ஒவ்வொரு சமவெளி நாளிலும் ஆரம்பத்திலேயே ஓரிருவர் கூட்டத்தை விட்டுத் தப்பி முன்னே ஓடுவார்கள். நேற்று ஓடியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், கிளெமான் ரூசோவும் மத்தேயோ வெர்ஷேயும். பெரும்பாலும் பிடிபட்டுவிடுவோம் என்பது அவர்களுக்கும் தெரியும். தொலைக்காட்சியில் தங்கள் முதலாளியின் பெயர் பல மணி நேரம் ஓடுமே, அதற்காக ஓடுகிறார்கள். பெலோட்டான் என்று இவர்கள் சொல்லும் பெருங்கூட்டமோ அவர்களை உடனே பிடித்துவிடுவதில்லை. சீக்கிரம் பிடித்தால் புதிதாக வேறு யாராவது ஓடிவிடுவார்கள் என்பதால், பட்டத்துக்கு நூல் விடுவதுபோல் விட்டு, ஸ்பிரிண்டர்களின் அணிகள் ஆளுக்கொருவனை முன்னால் நிறுத்தி, மணிக்கணக்கில் அளந்து மிதிக்க வைக்கின்றன. பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் என்ற கணக்கில் கூட்டம் இடைவெளியைக் குறைத்துவிடும் என்று, சைக்கிள் வீரராக இருந்து பின்னாளில் வர்ணனையாளரான ரொபேர் ஷாபாத் சொன்ன சூத்திரம் இன்றும் இங்கே வேதவாக்கு. அப்படி இழுக்கிறவன் கடைசி நேரத்தில் களைத்துப் பின்னால் விழுந்துவிடுவான். காமிராக்கள் கோட்டை நோக்கித் திரும்பும் சமயத்தில் அவன் படச்சட்டத்துக்கு வெளியே எங்கேயோ வந்துகொண்டிருப்பான்.

மஞ்சள் சட்டைக்காரர், அதாவது எல்லா நாள்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் முதலில் நிற்பவர், இந்தச் சண்டையில் சேருவதில்லை. கூட்டத்தோடு கோட்டைக் கடந்தால் கூட்டத்தின் நேரமே அவருக்கும் எழுதப்படும். அவருக்கு வேண்டியதெல்லாம் விழாமல் வருவதுதான். ஆனால் விழாமல் வரவும் முன்வரிசைதான் பத்திரம் என்பதால் அவருடைய பரிவாரமும் முட்டிக்கொண்டு முன்னே வருகிறது. ஆக, வெவ்வேறு நோக்கமுள்ள இரண்டு சைனியங்கள் ஒரே குறுகிய சாலையில்! நேற்று நடுச்சாலைத் திட்டு ஒன்றில் மோதாமல் தடேய் பொகாச்சார் மயிரிழையில் தப்பினார். அவர்தான் இப்போது மஞ்சள் சட்டை அணிந்திருப்பவர்.

சரி, நான் கண்டதைச் சொல்கிறேன். ஹெலிகாப்டர்தான் முதலில் வந்தது. பிறகு தடுப்புப் பலகைகளை ஜனங்கள் உள்ளங்கையால் அடிக்கும் ஓசை தூரத்திலிருந்து மழைபோல் நெருங்கியது. அப்புறம், மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், சங்கிலிகளின் சரசரப்பும் ஒரு காற்றடியும். அந்த இரண்டு மூன்று க்ஷணங்களில் முன்னே பாய்ந்தவர்கள் யார் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள், மிதிப்பதை நிறுத்தியவர்கள்தான். என் எதிரே ஒருவர், அதுவரை தலையைத் தாழ்த்திக்கொண்டு தறிகெட்டு மிதித்துக்கொண்டு வந்தவர், சாலையின் ஓரத்துக்கு ஒரு முழம் ஒதுங்கி, கால்களை அப்படியே நிறுத்திவிட்டார். அவரைச் சுற்றி நூறு பேர் பாய்ந்து போகிறார்கள். அவர் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு, தோள்கள் ஏறி இறங்க, சும்மா உருண்டு போகிறார். தம் வேலை முடிந்த இடம் இது என்று அவருடைய கால்களுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர் என் முழங்கையில் இடித்து, தம் மோதிர விரலைக் காட்டினார்.

ஜயித்தவர் மார்க் கேவண்டிஷ் என்பதை ஒலிபெருக்கி சொல்லித்தான் அறிந்தேன். 39 வயது, மான் தீவில் பிறந்தவர், டூரின் நாள் ஓட்டங்களில் இது அவருக்கு 35-ஆவது வெற்றி. பழைய வீரர் எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனைக் கணக்கு 1975 முதல் தனியாக நின்றது; 2021-இல் கார்க்கஸோனில் கேவண்டிஷ் அதைத் தொட்டார். சென்ற வருஷம் போர்தோவில் இரண்டாவதாக வந்து, மறுநாளே விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டார். ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தவர், அந்த அறிவிப்பை ரத்துசெய்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஆனால் இவ்வருஷத்து வெற்றி நேற்று சேன் வுல்பாவில் பிறந்ததல்ல என்பது என் அபிப்பிராயம். அது முதல் நாளே, ரிமினி போகும் வழியில், நிச்சயமாயிற்று. அன்றைக்கு மலையும் வெப்பமும் சேர்ந்து அவரை வாந்தியெடுக்க வைத்துவிட்டன. முதலில் வந்தவனுக்குப் பின் குறித்த நேரத்துக்குள் வந்து சேராதவனைப் பந்தயத்திலிருந்தே நீக்கிவிடுவது இங்கே சட்டம். 206 கிலோமீட்டர் பாதையில் அவருடைய அணியினர் சிலர் தங்கள் கௌரவத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவரைச் சூழ்ந்துகொண்டு, காற்று மறைத்து, தண்ணீர் கொடுத்து, ஏறக்குறைய நாற்பது நிமிஷம் பிந்தி, கெடு தப்பாமல் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்கு எந்த மேடையிலும் மாலை கிடையாது.

அப்படிக் கொண்டுவரப்பட்டவர் நேற்று என்ன செய்தார்! கடைசியில் தம் பரிவாரம் கலைந்ததும், எதிரணிக்காரர்களின் முதுகுகளையே ஒன்றன்பின் ஒன்றாகக் காற்று மறைவாக்கிக்கொண்டு, ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குத் தாவிப் போய், எதிரணி ஸ்பிரிண்டர் யாஸ்பர் பிலிப்ஸனைத் தெளிவாக முந்திவிட்டார். இதைப் பெரியவரின் கையில் எந்த விரலால் காட்டுவது? அவரைக் கேட்டேன், சைகையால்தான். அவர் என் கையைப் பிடித்து, என் விரல்களுக்கிடையே தம் சுண்டுவிரலை நுழைத்து வெளியே எடுத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

இப்படித் தலைவனுக்காக உழைக்கும் வேலைக்காரர்களைப் பற்றிய பேச்சு இங்கே பழையது. பந்தயத்தை ஸ்தாபித்த ஆன்ரி தெக்ராஞ்ச், ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்வதையே துரோகமாகக் கருதியவர். 1911-இல் மோரிஸ் புரோக்கோ என்பவரை ‘தோமெஸ்திக்’, வீட்டு வேலைக்காரன், என்று ஏசினார். அந்த வசவே பின்னால் உத்தியோகப் பெயராகிவிட்டது. 1934-இல் ரெனே வியெத்தோ என்ற இருபது வயதுப் பையன், விழுந்துவிட்ட தன் தலைவர் அந்தோனேன் மாஞ்ஞுக்குச் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரின்மேல் உட்கார்ந்து அழுதான். அந்தப் புகைப்படம் இன்றும் பிரசித்தம். பட்டம் மாஞ்ஞுக்குப் போயிற்று.

வேறுவிதமும் உண்டு. 2009-இல் பாரிஸில், கேவண்டிஷுக்கு வழிவிட்டு விலகிய மார்க் ரென்ஷா, விலகிய பிறகும் யாரும் எட்டிப் பிடிக்க முடியாமல் தாமே இரண்டாவதாக வந்தார். கார்க்கஸோனில் அதே மாதிரி மிக்கேல் மோர்கோவ். அந்த மோர்கோவ்தான் இப்போதும் கூட வந்திருக்கிறார். 2012-இல் உலகச் சாம்பியனின் வானவில் சட்டையோடு கேவண்டிஷ், சட்டைக்குள் தண்ணீர்ப் புட்டிகளைத் திணித்துக்கொண்டு தோழர்களுக்குச் சுமந்திருக்கிறார். அதே வருஷம் பாரிஸில் மஞ்சள் சட்டை அணிந்த பிராட்லி விக்கின்ஸ் முன்னே நின்று காற்றை வாங்கிக்கொண்டு அவரை இழுத்துச் சென்றார்.

ஜயித்தவருக்கு நேற்றைய ரொக்கப் பரிசு 11,000 யூரோ. அதை அணி முழுவதும் பகிர்ந்துகொள்வதே வழக்கம். எல்லாம் முடிந்து தடுப்புகளைக் கழற்றத் தொடங்கிய நேரத்தில், கேவண்டிஷின் அணியைச் சேர்ந்த வான்நீலச் சட்டைக்காரர் ஒருவர் தனியாக, அவசரமேதுமின்றி, ஒரு கையை உயர்த்தியபடி உருண்டு வந்தார். காதிலிருந்த கருவியில் செய்தி வந்திருக்க வேண்டும். பெரியவர் எழுந்து நின்று தொப்பியை எடுத்தார். நானும் எழுந்திருப்பேன், ஏற்கெனவே ஐந்து மணி நேரமாக நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அடுத்த மாதம் ஊர் வந்துவிடுவேன். அப்போதும் மேல்காற்று ஓய்ந்திருக்காது. ஆலங்குளம் வரை என்று வாக்குக் கொடுக்க முழங்கால் இடம் தராது; மாறாந்தை வரைக்குமாவது நான் முன்னால் மிதிக்கிறேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதா என்று எழுது.

இப்படிக்கு,
உன் பின்னால் வந்தவன்