ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்குள் இருக்கிறது விஷயம்

ஷோரூமில் கொடுக்கிற தாளில் மஹிந்திரா தாரின் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 150 குதிரைத்திறன், 2.2 லிட்டர் டீசலுக்கு 130 என்று போட்டிருக்கும். இருபது கூடுதலாக இருப்பதால் பெட்ரோல்தான் பலசாலி என்று முடிவுகட்டிவிட்டு என்னிடம் வருபவர்கள் அதிகம். அடுத்த வரியை யாரும் படிப்பதில்லை. மேனுவல் கியரில் இரண்டுக்கும் டார்க் ஒன்றுதான், 300 நியூட்டன் மீட்டர். அந்த 150 குதிரையும் வெளியே வருவது ஐயாயிரம் சுற்றில். பாறைமேல் சக்கரத்தை வைத்துக்கொண்டு எந்தப் புத்திசாலி ஐயாயிரம் சுற்றுக்கு முறுக்குவான்?

மேட்டில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் சுற்றுவது எண்ணூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள். அந்த நேரத்தில் டர்போ சரியாக விழித்திருக்காது. அதன் உதவி இல்லாமல் எஞ்சின் தன் சொந்த பலத்தில் என்ன இழுக்கிறது என்பதுதான் கேள்வி. இங்கேதான் டீசல் ஜெயிக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாலும், பாரம் கூடக்கூட எரிபொருளைத் தானே கூட்டிக்கொண்டு ஐடிலிலேயே வண்டியை நகர்த்தும். பெட்ரோலிலும் இன்று கம்ப்யூட்டர் ஐடிலைக் காக்கிறது. ஆனால் டர்போவின் துணை வருவதற்குள் கல் முட்டினால் எஞ்சின் நின்றுபோகும். அதற்குப் பயந்து ஓட்டுபவர் கிளட்ச்சைப் பாதியில் பிடிப்பார், ஆக்சிலேட்டரை மிதிப்பார். சற்று நேரத்தில் கிளட்ச் தட்டு கருகும் வாடை வரும்.

கொழுக்குமலைக்குப் போனவர்கள் அந்த ஜீப்புகளைப் பார்த்திருப்பார்கள். மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஜீப் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிறது. அந்தப் பாதையில் வருடக்கணக்காக ஆள் ஏற்றிய பழைய மஹிந்திரா டீசல் ஜீப்புகளுக்கு அறுபதை ஒட்டிய குதிரைத்திறன்தான். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு வண்டி நிறைய ஆளை அடைத்துக்கொண்டு, டிரைவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் கதை பேசியபடியே ஏற்றுவார். அவர் வலது காலைக் கவனித்தால் போதும், அது அநேகமாக அசையாது. குதிரைத்திறன் பற்றி என்னிடம் வாதாட வருபவர்களை நான் அங்கே அனுப்பிவைப்பேன்.

எஞ்சினைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அது லோ ரேஞ்ச். தாரில் அதைப் போட்டதும் கியர்பாக்ஸிலிருந்து வரும் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும், வேகம் அதே கணக்கில் குறையும். 2023இல் வந்த 1.5 லிட்டர் டீசல் தாருக்கு 117 குதிரைத்திறன், டார்க் அதே 300. விலையும் குறைவு. ஆனால் அதில் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், லோ ரேஞ்ச் கிடையாது. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் காட்டுப் பாதைக்கு அது ஆகாது. கடற்கரைச் சாலையில் உல்லாசமாகப் போக நல்ல வண்டி.

இறக்கத்தில் டீசல்தான் நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. முழுக்க நம்ப வேண்டாம். காலை எடுத்ததும் பெட்ரோல் எஞ்சினில் காற்றுவழி மூடிக்கொள்வதால் அதுவும் நன்றாகவே தடுக்கும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பது முக்கியமாக லோ ரேஞ்சும் முதல் கியரும். தண்ணீரில் டீசலுக்கு ஒன்றும் ஆகாது என்பது இன்னொரு கதை. காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் புகுந்தால் எந்த எஞ்சினும் போச்சு. அழுத்தம் அதிகம் என்பதால் டீசலில் கனெக்டிங் ராட் இன்னும் சுலபமாக வளையும்.

பெட்ரோலுக்கு உரிய இடம் மணல். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலைப் போன்ற இடத்தில் ஊர்ந்தால் வண்டி புதையும். டயரில் காற்றைக் குறைத்துவிட்டு, சக்கரம் விடாமல் சுற்றும்படி முறுக்கி ஓட்ட வேண்டும். சட்டென்று சுற்று ஏறும் பெட்ரோல் எஞ்சினுக்கு அது விளையாட்டு. ஆட்டோமேட்டிக்கில் வந்தால் டார்க் 320. அதிலுள்ள டார்க் கன்வெர்ட்டர் கீழ்ச்சுற்றில் இழுவையைப் பெருக்கித் தருவதால், நான் மேலே சொன்ன குறையும் பெருமளவு மறைந்துவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்குப் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை நான் தயங்காமல் சொல்வேன். கிளட்ச் பிழைத்துக்கொள்ளும்.

சின்ன வண்டியான ஜிம்னியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. 1.5 லிட்டர் பெட்ரோல், 105 குதிரைத்திறன், டார்க் வெறும் 134, அதுவும் நாலாயிரம் சுற்றில். எண்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் எடையைப் பார்ப்பதில்லை. தார் ஒன்றே முக்கால் டன்னை ஒட்டி இருக்க, இது சுமார் 1.2 டன்தான். சேற்றில் தார் அமிழ்ந்து நிற்கும் இடத்தை இது மிதித்துக் கடந்துபோகும், லோ ரேஞ்சும் உண்டு. குறை வேறு இடத்தில். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்து சதவீத பலத்தை இழக்கும். ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நாலு பேர், சாமான் என்று ஏற்றினால் மூச்சு வாங்கும். ஆகவே மேல்மலையில் குடியிருப்பவர்கள் பெட்ரோலா டீசலா என்பதற்கு முன் டர்போ உண்டா என்று கேளுங்கள்.

ஃபோர்ஸ் கூர்க்காவில் இந்தக் குழப்பமே இல்லை. 2.6 லிட்டர் டீசல், மேனுவல், வேறு வழி கிடையாது. 2024இல் 140 குதிரைத்திறனுக்கு உயர்த்திவிட்டார்கள். முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் லாக், கூரை உயரத்தில் ஸ்னார்கெல். எஸ்டேட்காரர்களுக்கு இதைவிட நான் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ஆபீஸ் போகிறவர்கள் மட்டும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

பி.எஸ். 6 டீசல் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, எஞ்சின் சூடேறித் தொடர்ந்து ஓட வேண்டும். மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கும் திரும்பவும் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். வருடத்தில் ஓரிரு முறைதான் மலைக்குப் போவீர்கள், மற்ற நாளெல்லாம் ஊருக்குள் சின்னச் சின்ன ஓட்டம் என்றால் டீசல் வேண்டாம். மலையிலேயே தொழில், கல்லும் ஏற்றமும் தினசரி என்றால் டர்போ டீசல், லோ ரேஞ்ச், மேனுவல்.

பைபாஸில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை டெஸ்ட் டிரைவ் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே வண்டி வைத்திருக்கும் நண்பரைப் பிடித்து, சரளைக்கல் ஏற்றம் ஒன்றில் அந்த வண்டியை நிறுத்துங்கள். லோ ரேஞ்ச், முதல் கியர். ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மெதுவாக முழுதும் விடுங்கள். நிற்காமல், குலுங்காமல் ஏறினால் அந்த எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்.