எந்தப் பந்தியில் இடம்?

மணவீடென்றால் மேளம் முழங்க வேண்டும். முழங்காவிட்டால் ஊரார் அதை மணவீடென்றே ஒப்பமாட்டார்கள். ஆனால், அந்த மேளத்தை முழக்கியவர் எங்கே அமர்ந்து உண்டார், எப்போது உண்டார் என்று கேட்டுப் பாருங்கள். விடை கூற ஒருவரும் இருக்கமாட்டார்! கலையைக் கைதட்டி வரவேற்கிறோம். கலைஞனைக் கொல்லைப்புறத்தில் காக்க வைக்கிறோம். இந்த வழக்கம் எதை அழிக்கிறது என்பதை ஊசுட்டேரியில் கழிந்த ஒரு மாலைப்பொழுது எனக்கு உணர்த்திற்று.

வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரி புதுவையின் மிகப் பெரிய ஏரி. 2008-இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அரையாண்டு விடுமுறையில் நண்பர் இருவருடன் அங்கே துடுப்புப் படகில் ஏறினேன். அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவரும் எங்களுடன் ஏறினார். படகின் விளிம்பில் அவர் விரல்கள் ஓயாமல் தாளமிட்டன.

"ஐயா தவில் வாசிப்பவரோ?" என்றேன். சிரித்தார்.

"ஆமாம். தம்பிக்கு எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?"

இந்த நாட்டில் இந்தக் கேள்விக்குள் சாதியைத் துழாவும் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதுண்டு. பெரியவர் அதற்காகக் கேட்கவில்லை. பாகூர்ப் பக்கம் என்று கூறிப் பாட்டனார் பெயரையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"உங்கள் அப்பா அம்மா திருமணத்தில் வாசித்தவன் நான்தான், தம்பி! சீர்திருத்தத் திருமணம். உங்கள் தாத்தா என் கையைப் பிடித்து அழைத்துப்போய், முதல் பந்தியில் தம் பக்கத்திலேயே உட்கார வைத்தார்."

முப்பது ஆண்டுகளுக்கு முன் உண்ட சோறு! அன்று பெற்ற தொகை அவருக்கு நினைவில்லை. அமர்ந்த இடம் நினைவிருக்கிறது.

நான் ஆசிரியன் என்றதும் பள்ளி எது என்று கேட்டார். அவருடைய பேரன் என் வகுப்பு மாணவன்! பாடவேளையில் மேசைமீது விரலால் தாளம் எழுப்பும் பையன். "தவில் கற்கிறாயா?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "அதெல்லாம் தெரியாது, ஐயா" என்று தலைகுனிந்தவன்.

பெரியவர் குரல் தாழ்ந்தது. "என் மடியில் அமர்ந்து கற்றவன், தம்பி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்கு என்னுடன் வந்தான். விடியல் முதல் வாசித்தோம். பந்தியில் அமர்ந்த எங்களை எழுப்பி, 'எல்லோரும் உண்டபின் பின்கட்டுக்கு வாருங்கள்' என்றார்கள். பேரன் உண்ணவில்லை. அதன்பின் தவிலைத் தொடவும் இல்லை."

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். பலா மரத்தைக் குடைந்து செய்த கருவி, வலக்கை விரல்களில் கெட்டியான கூடுகள், இடக்கையில் பூவரசங்கழி. இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்ய, கணக்குப் பிசகாமல் காலத்தை அளக்கும் கலை அது. ஆண்டுக்கணக்கில் கற்ற அந்தக் கல்வியை ஒரு வேளைச் சோற்றின் இழிவு ஒரே நாளில் துரத்திவிட்டது!

சட்டையின்றி இடுப்பில் துண்டுடன் வாசிக்கும் வழக்கத்தை உடைத்து, நாதசுரத்துக்கு மேடையில் மதிப்பான இருக்கை தேடித் தந்தவர் திருவாவடுதுறை இராசரத்தினம் (1898–1956). புதுவைத் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்திக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மேடை மாறிற்று, பந்திதான் எல்லா ஊரிலும் மாறவில்லை. டில்லி தரும் விருது ஒருவரைப் பெருமைப்படுத்தும். ஊர் தரும் மதிப்பே அடுத்த தலைமுறையைக் கற்க வைக்கும்.

"வகுப்புக்கு வந்து வாசித்துக் காட்ட வேண்டும், ஐயா" என்று அழைத்தேன்.

"பேரன் வரச் சொன்னால் வருகிறேன்" என்றார்.

அவனிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் விடை கூறவில்லை.

அந்த விடை வகுப்பறையில் மட்டும் பிறக்காது. அடுத்து நீங்கள் செல்லும் திருமணத்தில் முதல் பந்திக்கு இலை விரிக்கும்போது, மேளம் வாசித்தவர்கள் எங்கே என்று உரக்கக் கேளுங்கள். அவர்கள் வந்து அமர்ந்த பிறகு நீங்கள் அமருங்கள்.