க்ளவுடும் ஒரு கணக்கு நோட்டும்

பூந்தமல்லிக்குப் பக்கத்தில், சென்னீர்குப்பத்தில் ஒரு தண்ணீர் கேன் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கடைக்காரரிடம் ஒரே ஒரு நோட்டு. போன் வந்தால் எழுதுவார், கேன் போய்ச் சேர்ந்தால் அடிப்பார். எத்தனை கேன் மிச்சம் என்று யார் கேட்டாலும் பதில் அந்த நோட்டில் இருக்கும். மே மாத வெயிலில் போன் ஓயாமல் அடிக்கிறதே என்று இன்னும் இரண்டு பையன்களை வேலைக்கு வைக்கிறார். இப்போது மூன்று பேர், மூன்று போன். நோட்டு ஒன்றா, மூன்றா?

ஒன்று என்றால் மூவரும் அதற்காக முட்டி மோத வேண்டும். மூன்று என்றால் மிச்சமிருக்கும் கடைசி கேனை மூன்று வீட்டுக்கு விற்றுவிடுவார்கள். காசையும் வாங்கிப் போட்டுக்கொண்டு!

ஒரு அப்ளிகேஷனையும் அதன் டேட்டாபேஸையும் க்ளவுட் கிளஸ்டருக்குக் கொண்டுபோகும்போது வரும் தலைவலி எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது. போன் எடுக்கும் பையன்கள்தான் அப்ளிகேஷன். நோட்டுதான் டேட்டாபேஸ். பையன்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்க்கலாம். நோட்டு விஷயம் அப்படியல்ல.

க்ளவுட் என்றதும் வானத்தைப் பார்க்கத் தேவையில்லை. அதுவும் எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் கம்ப்யூட்டர்கள்தான். சென்னீர்குப்பத்திலிருந்து அதிக தூரமில்லாத அம்பத்தூரிலேயே பெரிய டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பல கம்ப்யூட்டர்களைக் கூட்டி ஒன்றுபோல வேலை வாங்குவது கிளஸ்டர். அதை மேய்க்கும் மென்பொருள்களில் பிரபலமானது குபெர்னெட்டிஸ். கூகுள் 2014-ல் வெளியிட்டது. கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். ஒரு நகல் செத்தால் இன்னொன்றை எழுப்பும், கூட்டம் கூடினால் நகல்களைக் கூட்டும்.

சரி, முதல் அடி எங்கே விழும்? 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற சொல்லில். கல்லூரி ப்ராஜெக்டில் அப்ளிகேஷனும் டேட்டாபேஸும் ஒரே லேப்டாப்பில் இருக்கும். டேட்டாபேஸ் எங்கே என்று கேட்டால் 'இங்கேயேதான்' என்று நிரலில் எழுதியிருப்பார்கள். கிளஸ்டரில் ஒவ்வொரு நகலும் தன்னைத்தான் 'இங்கே' என்று நினைக்கும். அங்கே டேட்டாபேஸ் இருக்காது. ஆகவே டேட்டாபேஸின் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் நிரலிலிருந்து பிடுங்கி வெளியே வைக்க வேண்டும். பாஸ்வேர்டை வைக்க குபெர்னெட்டிஸில் 'சீக்ரெட்' என்று ஓர் இடம் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் அது பூட்டப்படுவதில்லை, வேறு எழுத்தில் மாற்றி எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அனுமதி உள்ள எவரும் ஒரே நொடியில் படித்துவிடலாம்.

அதேபோல, லாகின் செய்தவர் யார் என்ற நினைவையும், பயனர் ஏற்றிய படங்களையும் நகலுக்குள்ளேயே வைத்தால் அந்த நகல் போகும்போது கூடவே போய்விடும். வேலைக்கு வந்த பையன் வாடிக்கையாளரின் முகவரியை மனதிலேயே வைத்துக்கொண்டு, மறுநாள் லீவு போட்ட கதைதான்.

இரண்டாவது அடி இன்னும் வேடிக்கையானது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமான அமைப்பில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. மீதி 97. அப்ளிகேஷனின் ஒவ்வொரு நகலும் 20 இணைப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றால், நான்கு நகலுக்கு 80. நிம்மதி! ஆனால் புதிய பதிப்பை ஏற்றும் நாளில் என்ன ஆகும்? குபெர்னெட்டிஸ் பழையதை நிறுத்துவதற்கு முன் புதியதை எழுப்பிப் பார்க்கும். வழக்கமான அமைப்பில் நான்கில் கால் பங்கு, அதாவது ஒரு நகல் கூடுதல். ஐந்து நகல், 100 இணைப்பு. இருப்பதோ 97. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது, புதிய பதிப்பு போட்ட அன்று மட்டும் விழுகிறது. எல்லோரும் புதிய நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள்.

100-ஐ 1000 ஆக்கிவிட்டால் போயிற்று என்று தோன்றும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ராசஸ், அதற்கு நினைவகம். கடையில் வாசலை மட்டும் அகலப்படுத்தினால் போதுமா, உள்ளே ஆள் வேண்டாமா? இதற்காகவே பிஜிபவுன்ஸர் போன்ற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி, சில பத்து இணைப்புகளில் முடித்துக்கொடுப்பார்கள்.

மூன்றாவதுதான் நோட்டு விஷயம். இதை நம் ரயில்வே க்ளவுட் என்ற பேச்சு வருவதற்கு முன்பே சந்தித்திருக்கிறது. கணினி முன்பதிவு 1985-ல் டெல்லியில் தொடங்கியது. பிறகு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்கள், ஐந்து டேட்டாபேஸ். 1999-ல் இவை ஒரே வலையாக இணைக்கப்பட்டன. அதன் பின் எந்த ஊர் கவுண்ட்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது. எல்லா ரயில்களின் கணக்கையும் எல்லா மையங்களிலும் நகல் எடுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு ரயிலின் கணக்கும் ஒரு மையத்திடம். டெல்லியில் நிற்பவர் தெற்கத்தி ரயிலுக்குக் கேட்டால், கேள்வி அந்த ரயிலின் கணக்கை வைத்திருக்கும் மையத்துக்குப் போய்ப் பதிலோடு திரும்பும். நோட்டுகள் ஐந்து. ஆனால் ஒரு பெர்த்துக்கு ஒரே நோட்டு. இன்று ஷார்டிங் என்று பாடப்புத்தகத்தில் வருவது இதன் நெருங்கிய உறவுதான்.

இன்னொரு வழி, ஒரு முதன்மை நோட்டை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதிய நகல் நோட்டுகளை அருகில் வைப்பது. படிப்பதற்கு நகல், எழுதுவதற்கு முதன்மை. ஆனால் போஸ்ட்கிரெஸின் வழக்கமான அமைப்பில் நகல் சற்றுப் பின்தங்கியே ஓடும். கடைசி கேன் விற்றுப்போன செய்தி நகலுக்கு வருவதற்குள் அதைப் படித்து இன்னொருவருக்கு 'இருக்கு' என்று சொல்லிவிடலாம். கேன் விலைப் பட்டியலை நகலிலிருந்து படிக்கலாம், தப்பில்லை. 'மிச்சம் இருந்தால் ஒன்று குறை' என்ற வேலையை மட்டும் முதன்மையில், ஒரே கட்டளையாகச் செய்ய வேண்டும். முதலில் படித்து, யோசித்து, பிறகு எழுதினால் அந்த இடைவெளியில் இன்னொரு பையன் கையை விட்டுவிடுவான்.

நகல் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லலாமே? சொல்லலாம். சென்னையில் முதன்மை, மும்பையில் நகல் என்றால் நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வரக் குறைந்தது 10 மில்லிசெகண்ட். ஒவ்வொரு ஆர்டருக்கும் அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு, இன்னொரு ஊரில் நகல் வைப்பது வீண் செலவு என்றும் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நகல் இருக்கிறதே, பேக்கப் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் கிடைத்தது. போஸ்ட்கிரெஸ் நகல் பின்தங்கிவிட்டது என்று சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், நகலில் அழிப்பதாக நினைத்து முதன்மையில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், பதிப்புப் பொருந்தாமல் அது பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்துவைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனதுதான். கிட்லேப் இதை மறைக்காமல் முழுசாக எழுதி வைத்திருக்கிறது. படிக்க வேண்டிய கட்டுரை.

முதன்மையில் தவறாக ஒரு கட்டளை போட்டால் நகலும் அதே தவறை உடனே பணிவுடன் செய்துவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

ஆக, ப்ராஜெக்ட் வைவாவில் "சார், பத்து நகல் ஓடுது" என்று காட்டுவது சுலபம். அதைவிட உருப்படியான டெமோ ஒன்று உண்டு. முந்தைய இரவே ஒரு காலி டேட்டாபேஸை உருவாக்கி, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் அதில் மீட்டுப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வைப்பது. கேன் கடைக்காரர் கேட்கப்போவதும் அந்தக் கேள்வியைத்தான்: "தம்பி, நோட்டு தொலைஞ்சா என்ன பண்ணுவே?"