விசிலுக்கு முன்னால்

வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் தப்பைக் காட்டிக் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தார் பெரியவர். கமுதி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்ச் சேருகிற தூரத்தில் ஒரு கிராமம். ஊருணிக்குப் பக்கத்துப் பொட்டலில் மின்னொளிக் கபடி. கருவேலத்தை வெட்டி ஒதுக்கி, மண்ணைச் சலித்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு கிழித்திருந்தார்கள். ஆட்டம் பார்க்க வந்தவன் நேராகத் தப்புக்காரர்களிடம் போய் நின்றதற்குக் காரணம் உண்டு. பெரிய விளையாட்டு விழாக்களின் தொடக்கத்தை டிவியில் பார்க்கும்போதெல்லாம், ஒரு பந்துகூட உருளாத நேரத்தில் எதற்காகக் கண் கலங்குகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். சோபாவில் உட்கார்ந்து யோசித்தால் அது தீராது.

பெரியவர் தோலை விரல் நுனியால் சுண்டினார். 'டொப்' என்றது. உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடியும் அனலில் காட்டினார். பக்கத்தில் அவர் பேரன் வயதுப் பையன் தன்னுடையதைத் தட்டினான். அது 'டண்' என்று விறைப்பாகக் கேட்டது.

"பனி எறங்குனா தோலு தொங்கிப் போகும் தம்பி. ரவைக்கு மூணு வாட்டியாவது காய்ச்சணும்" என்றார். வேப்ப மரச் சட்டம், அதில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. முதலாவது அதிர வைக்கும், இரண்டாவது சீறும். இரண்டும் கலக்கிற இடத்தில்தான் ஆளுக்குக் கால் நிற்காது.

கமிட்டி மேஜையில் மைக்செட் தம்பி பென் டிரைவை மாட்டிக்கொண்டிருந்தார். என்ன பாட்டு போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, "சாதிப் பாட்டு ஒண்ணுகூடக் கெடையாதுண்ணே, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கோம்" என்றார். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது. திருவிழா ஆடல் பாடலுக்கு அனுமதி தரும்போது சாதி, கட்சிப் பாட்டுகள் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனை போட்டுவருகிறது. கோயிலுக்குள் யார் நுழையலாம் என்று 1897இல் தொடங்கிய தகராறு, வழக்காகி 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன ஊர் கமுதி. இங்கே ஒரு சினிமாப் பாட்டின் முதல் இசைத்துணுக்கு போதும். பாதிக் கூட்டம் விசிலடிக்கும், மீதிக் கூட்டத்தின் முகம் இறுகும். இசை மனிதரை ஒன்றுசேர்க்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருதரம் இந்த மைக்செட் தம்பியிடம் வந்து கேட்க வேண்டும். எது சேர்க்கும், எது பிரிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பென் டிரைவில் இருந்ததெல்லாம் பக்திப் பாட்டு, கொஞ்சம் இளையராஜா, கொஞ்சம் விளையாட்டுப் படப் பாட்டு.

சிறப்பு விருந்தினர் வழக்கம்போலத் தாமதம். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. 2016இல் திறந்தபோது உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று என்று பேசப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இதே கமுதி வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆட்டக்களத்துக்கு வெளிச்சம் என்னவோ வாடகை ஜெனரேட்டரிலிருந்துதான் வருகிறது.

ஒருவழியாக கார் வந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட பிறகு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். பாடி முடிக்க 55 விநாடி. இசைத்தட்டைப் போடாமல் வாயால் பாடுவதே நல்லது என்றும் அரசு சொல்லியிருக்கிறது. இங்கே ஒலித்தது எம்.எஸ்.வி. மெட்டில் பழைய பதிவுதான். மோகன ராகம். மதில்மேல் உட்கார்ந்திருந்த பொடியன்கள்கூடக் குதித்து இறங்கி விறைப்பாக நின்றார்கள். மரியாதை இருந்தது. சிலிர்ப்பு என்று சொல்ல மாட்டேன். பெட்டிக்குள்ளிருந்து வருகிற சத்தத்துக்கு நிற்கத் தெரியும் நமக்கு. கூட நடக்கத் தெரியாது.

அடுத்து அணிகளின் அறிமுகம். சாயல்குடி, முதுகுளத்தூர், அபிராமம், பரமக்குடி, உள்ளூர் அணிகள் இரண்டு. மைக்கில் பெயர் வாசித்து முடிப்பதற்குள் பெரியவர் குச்சியைத் தூக்கினார்.

அவர் வேகமாகத் தொடங்கவில்லை. ஒற்றை அடி, இடைவெளி, ஒற்றை அடி. அந்த இடைவெளிக்குள் கூட்டத்தின் பேச்சு அடங்கியது. பிறகு மற்ற தப்புகள் சேர்ந்தன. தப்புக்காரர்கள் முன்னால் போக, அணிகள் வரிசையாகக் களத்தைச் சுற்றின. முதல் பக்கத்தில் ஆளுக்கொரு நடை. கோலி விளையாடப் போகிறவனைப் போல ஒருவன், கல்யாணத்துக்குப் போகிறவனைப் போல ஒருவன். இரண்டாவது மூலை திரும்பும்போது பார்க்கிறேன், அத்தனை காலும் ஒரே நேரத்தில் மண்ணில் விழுகிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அபிராமம் பையன் ஒருவன் தோளை ஆட்டினான். பின்னால் வந்த சாயல்குடிக்காரன் அவனை இழுத்துத் தன்னோடு இரண்டு அடி ஆட வைத்தான். மிளகாய்க் காட்டு வேலை முடித்துத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்த பெண்களின் பாதங்கள் தட்டிக்கொண்டிருந்தன. எனக்குக் காதில் கேட்டது குறைவு, விலா எலும்பில் கேட்டதுதான் அதிகம்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் துடுப்புப் படகு வீரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனியாகப் பயிற்சி செய்ததைவிட, ஒரே தாளத்தில் சேர்ந்து செய்தபோது வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. உழைப்பின் அளவு ஒன்றுதான். சேர்ந்து அசைந்ததுதான் வித்தியாசம். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கைத் தொடங்கியவர்கள் 2,008 பேரை வரிசையில் நிறுத்தித் தாளம் கொட்ட வைத்ததும் இந்தச் சூத்திரம்தான் என்று நினைக்கிறேன். அங்கே செலவு கோடி, இங்கே ஒரு கட்டு வைக்கோல்.

இன்னொன்றும் தோன்றியது. விசில் ஊதிவிட்டால் ஆளுக்கொரு ஊர். சத்தம்கூட ஊர் ஊராகப் பிரிந்துவிடும். தொடக்க இசை ஒலிக்கிற கொஞ்ச நேரத்தில் மட்டும் இன்னும் யாரும் தோற்கவில்லை. மோதப்போகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்க்க அந்த ஒரு வேளைதான் வாய்க்கிறது. டிவி முன்னால் கண் கலங்குவது அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கத்தில் 44வது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோதும் அப்படித்தான் இருந்தது. லிடியன் நாதஸ்வரம் கண்ணைக் கட்டிக்கொண்டு பியானோ வாசித்ததை ஊரே பேசியது. என்னை உலுக்கியது கிடாக்குழி மாரியம்மாளின் குரல். வயல்வெளிக் குரல் ஒன்று, 180க்கும் மேற்பட்ட நாட்டு ஆட்டக்காரர்கள் கூடியிருந்த ஒரு விழாவில், பாஷை தெரியாதவர்களையும் நிமிர வைத்தது. அங்கே ஒலித்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை எழுதிப் பாடிய பாடகர் அறிவு அன்றைக்கு மேடையில் இல்லை. பாட்டு யாருக்குச் சொந்தம் என்று அடுத்த சில நாள் பெரிய விவாதம் நடந்தது. இசை எல்லோருக்கும் பொதுவாகிற அதே நொடியில் அதைச் செய்தவர் ஓரத்துக்குப் போய்விடுவது நமக்குப் பழக்கமான சங்கதி.

இங்கேயும் பொன்னாடை மேடையில் இருந்தவர்களுக்குத்தான் விழுந்தது. தப்புக்காரர்களுக்கு டீயும், பேசிய பணமும். சாவு வீட்டுக்கு என்று ஒதுக்கி வைத்த கருவி இந்தத் தப்பு, அதாவது பறை. பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்திருக்கிறது. ஆனால் பத்மஸ்ரீயிலிருந்து இந்தப் பொட்டலின் மேடைப்படி வரை இன்னும் தூரம் இருக்கிறது. பொன்னாடை கிடைக்காததைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டேன். "துண்டு நூத்தம்பது ரூவா இருக்குமா? அதக் காசா குடுத்தா போதும்" என்று சிரித்தார்.

டாஸ் போட்டார்கள். நடுவர் கோட்டைக் காலால் தேய்த்துச் சரிபார்த்தார். தப்புகளைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிற்றுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். முதல் ஆட்டம் அவர் ஊர் அணிக்கும் முதுகுளத்தூருக்கும். இரண்டு நிமிடம் முன்னால் அவர் அடிக்கு அழகாகக் காலெடுத்து வைத்த முதுகுளத்தூர் பையன் ரைடுக்குப் பாடி வந்தான்.

"அவன் இடுப்பப் புடிடா! விட்டுறாத, கார்னர்ல போட்டு அமுக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினார் பெரியவர்.